மூலையில் கிடக்கிற அந்த மங்கல் என்ன?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், கமராவை வானத்துக்குத் திருப்பினால் என்ன கிடைக்கும் என்று ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் வந்து குவிந்த படங்களைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் இரவில் நித்திரை கொள்ளாத ஆட்கள் இத்தனை பேரா என்று இருக்கிறது. அநேகமாக எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள்: நான் எடுக்க நினைத்தது நடுவில் இருக்கிறது, சரி, ஓரத்தில் பஞ்சுத்துண்டு மாதிரிக் கிடக்கிறதே, அது என்ன? ஆகவே இந்த முறை முழுக்க அந்தப் பஞ்சுத்துண்டுகள்தான். இடையில் ஒரு சோதிடக் கேள்வியும் வந்தது, அதையும் விடவில்லை.

கேள்வி: காரைநகர் கசூரினா கடற்கரையில், வானத்தோடு சேர்ந்து சுழலும் தாங்கியில் கமராவைப் பூட்டி, 200 மில்லிமீற்றர் வில்லையால் கன்னி ராசிப் பக்கம் ஒரு நிமிடப் படங்கள் 60 எடுத்து அடுக்கினேன். நடுவில் எம் 87 பேரடை. சுற்றிவர வேறு மங்கல்கள். இதில் எது விண்மீன் பேரடை, எது வெறும் ஊத்தை? — மூளாய் வாசகர்

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. நீங்கள் சிவப்பு வட்டம் போட்ட 11 இடங்களில் எட்டு உண்மையான பேரடை, இரண்டு கமராவின் குறும்பு, ஒன்று இரட்டை நட்சத்திரம். முதல் முயற்சிக்கு இது நல்ல கணக்கு. எம் 87க்கு மேற்கே ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு சின்ன மங்கல்களின் அட்டவணைப் பெயர் என்.ஜி.சி. 4478, 4476. அதற்கும் அப்பால் வில்லாக வளைந்து போகும் வரிசையில் எம் 84, எம் 86, பிறகு “கண்கள்” என்று செல்லமாகச் சொல்கிற சோடி. இவையெல்லாம் கன்னிக் கொத்து என்ற பேரடைக் கூட்டத்தைச் சேர்ந்தவை, ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டு தூரம். ஆனால் வலது கீழ் மூலையில் நீங்கள் கேள்விக்குறி போட்டிருக்கும் நெல்மணி அளவு மங்கல் இந்தக் கொத்துக்கும் பின்னால் வெகு தூரத்தில் இருக்கிற ஆள். அதைக் கண்டதுக்குத்தான் உங்களைப் பாராட்ட வேண்டும்.

எப்படிப் பிரித்தறிவது? நட்சத்திரம் என்பது எந்தக் கமராவுக்கும் ஒரு புள்ளி. காற்றும் வில்லையும் சேர்ந்து அந்தப் புள்ளியை ஊதிக் காட்டும், ஆனால் படத்தின் ஒரு பகுதியில் உள்ள எல்லாப் புள்ளியையும் ஒரே மாதிரித்தான் ஊதும். பிரகாசமான நட்சத்திரம் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதன் ஓரங்களும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வெளிச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சந்தேகப்படும் மங்கலுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ அதே அளவு மங்கலான நட்சத்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் சட்டென்று முடியும். பேரடை நடுவில் கொஞ்சம் கெட்டியாக இருந்து ஓரத்தில் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைந்து போகும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பிறகு தலைகீழாக்கி, வெள்ளை வானத்தில் கறுப்பு நட்சத்திரமாகப் பார்த்தால் இந்தக் கரைதல் நன்றாக விளங்கும். நம் கண்ணுக்கு இருட்டில் வெளிச்சத்தைத் தேடுவதைவிட வெள்ளைத் தாளில் அழுக்கைத் தேடுவது லேசு.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரோமீற்றர் என்றால், அதை 206ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் 4.4 விகலை வரும் (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு விகலை). 30 விகலை நீளமான பேரடை ஒன்று உங்கள் படத்தில் ஏழு பிக்சல்தான். ஏழு பிக்சலுக்குள் சுருள் கைகளைத் தேடாதீர்கள்.

உங்கள் இரட்டை நட்சத்திரம் நீளமான பேரடை மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் நன்றாகப் பெரிதாக்கினால் நிலக்கடலைக் கோது போல நடுவில் ஒரு இடுப்பு இருக்கும். பேரடைக்கு இடுப்பு இல்லை. படத்தின் மூலைகளில் மட்டும் எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் அது வில்லையின் பிழை.

கமராவின் குறும்பைப் பிடிக்க ஒரு வேலை செய்யுங்கள்: 60 படங்களை 30, 30 ஆகப் பிரித்துத் தனித்தனியே அடுக்குங்கள். உண்மையான பேரடை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். உங்கள் படத்தில் வட்டம் போட்ட ஒன்று இரண்டாவது அடுக்கில் காணாமல் போகும் என்று பந்தயம் கட்டுகிறேன், அது ஏதோ செய்மதி போட்ட கீற்றின் மிச்சம்.

இரண்டு அடுக்கிலும் நின்று ஏமாற்றுகிறதும் உண்டு. எனக்கு நடந்தது: மணல்காட்டு மணல் மேட்டில் 135 மி.மீ. வில்லையோடு சித்திரை நட்சத்திரத்தை ஒரு மூலையில் வைத்து எடுத்த படத்தில், எதிர் மூலையில் அழகான வட்ட மங்கல் ஒன்று. நாலு பேருக்கு அனுப்பி, அட்டவணையில் இல்லாத பேரடை என்று கதையும் விட்டாயிற்று. மறுநாள் ஒரு நண்பர் படத்தின் நடுப்புள்ளியூடாக ஒரு கோடு கீறி அனுப்பினார். கோட்டின் ஒரு நுனியில் சித்திரை, மற்ற நுனியில் என் பேரடை. வில்லைக்குள் பட்டுத் தெறித்த வெளிச்சம்! கமராவைக் கொஞ்சம் திருப்பி இன்னும் இரண்டு படம் எடுத்திருந்தால் மங்கல் எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கும், அப்போதே தெரிந்திருக்கும்.

இன்னொன்று பனி. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், வில்லையை விட்டுவைக்குமா? விடிய மூன்று மணிக்குக் கன்னி உச்சிக்கு வருகிறதே என்று ஒருநாள் காத்திருந்து எடுத்தால், கடைசி இருபது படத்திலும் வானம் முழுக்கப் பேரடைகள். வில்லையைத் தொட்டேன், விரல் நனைந்தது.

கேள்வி: என்னிடம் 750 மி.மீ. குவியத்தூரமுள்ள ஆடித் தொலைகாட்டி இருக்கிறது. ஒரே படத்தில் 40க்கு மேல் மங்கல்கள். இவ்வளவுக்கும் எங்கே பெயர் தேடுவது? — கொக்குவில் வாசகர்

பதில்: பெயரைத் தேடாதீர்கள், முதலில் இடத்தைத் தேடுங்கள். இதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். வான வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, “இது அதுபோல இருக்கிறது” என்று ஊகித்தால் பாதி பிழையாகப் போகும்.

அஸ்ட்ரோமெட்ரி டொட் நெட் என்ற இலவச இணையத்தளத்தில் படத்தை ஏற்றுங்கள். டேட்டா கவலை இருந்தால் பாதி அளவாகச் சுருக்கி ஏற்றினாலும் போதும். அது உங்கள் படத்தில் நாலு நாலு நட்சத்திரமாக எடுத்து, அந்த நாலும் போடும் நாற்கோணத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து, தன்னிடம் இருக்கும் வானத்துச் சுட்டியில் அதே வடிவம் எங்கே என்று தேடும். எந்தத் திசையில் எடுத்தது, எந்த வில்லை என்று ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் வானத்தின் நெட்டாங்கு, அகலாங்கு போன்ற இரண்டு எண்கள் கிடைத்துவிடும், பெரிய பேரடைகளுக்குப் பெயரும் எழுதியே தரும். கணினியில் சிரில் என்ற இலவச மென்பொருள் இருந்தால் அதற்குள்ளேயே இதைச் செய்யலாம்.

இனி அலடின். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து வான்தரவு நிலையம் நடத்துவது, உலாவியிலேயே திறக்கும். உங்கள் மங்கலின் எண்ணைப் போட்டால் பெரிய தொலைகாட்டிகள் எடுத்த அதே இடத்துப் படம் வரும். உங்கள் ஏழு பிக்சல் நெல்மணி அங்கே சுருள் கையோடு நிற்கும்போது வருகிற சந்தோஷம் தனி, எனக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை. அதன் மேலேயே சிம்பாட் என்ற வான்பொருள் அட்டவணையைப் போட்டு, புள்ளியை அழுத்தினால் பெயர்.

ஆனால் முதலில் அகப்பட்ட பெயரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எம் 87ஐச் சுற்றி அழுத்திப் பாருங்கள், வருவதில் பெரும்பகுதி அதற்குச் சொந்தமான கோளக் கொத்துகளாக (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்கள்) இருக்கும், அது ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறது. எக்ஸ் கதிர்ப் புள்ளி, வானொலிப் புள்ளி என்று கண்ணுக்கே தெரியாதவையும் அதே அட்டவணையில் உண்டு. இடம் இரண்டு மூன்று விகலைக்குள் பொருந்த வேண்டும், வகை பேரடை என்று இருக்க வேண்டும், பெரிய படத்தில் உள்ள சாய்வும் நீளமும் உங்கள் மங்கலோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றும் சரி என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அழகான பெயர் இராது. 1888இல் டிரேயர் தொகுத்த என்.ஜி.சி. அட்டவணையில் 7,840 பொருட்கள், அதில் பேரடை அல்லாதவையும் சேர்த்தி. 1989இல் வந்த பி.ஜி.சி. அட்டவணையில் பேரடைகள் மட்டுமே 73,197. உங்கள் 40இல் பத்துப் பதினைந்து இந்த இரண்டுக்குள் அடங்கும். மிச்சத்துக்கு ஸ்லோன் வான அளவீடு கொடுத்த நீள எண்தான் இருக்கும், அந்த எண்ணே வானத்தில் அதன் இடம். பெயரில்லாத ஒழுங்கைக்குள் வீட்டு இலக்கம் மட்டும் இருக்கிற மாதிரி.

கேள்வி: நான் கன்னி ராசி. இந்தக் கன்னிக் கொத்துப் பேரடைகளால் எனக்கு ஏதும் பலன் உண்டா? — நல்லூர் வாசகர்

பதில்: அங்கிருந்து உங்களைத் தேடி ஒளி புறப்பட்டு 5 கோடி வருசத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நீங்களும் இல்லை, ராசியும் இல்லை. பலன் என்றால் ஒன்று உண்டு, அது எங்கள் எல்லோருக்கும் பொது: யாழ்ப்பாணத்தில் எம் 87 உச்சிக்கு மூன்று பாகைக்குள் ஏறி வருகிறது. லண்டனில் இருப்பவருக்கு அது 51 பாகை உயரத்தைத் தாண்டாது. தலைக்கு நேரே பார்க்கும்போது குறுக்கே நிற்கிற காற்று குறைவு, படம் தெளிவு.

கேள்வி: மங்கலாகவும் சின்னதாகவும் இருந்தால் கூடத் தூரம் என்று எடுத்துக்கொள்ளலாமா? — பருத்தித்துறை வாசகர்

பதில்: எடுத்துக்கொள்ளக்கூடாது ஐயா. உங்கள் பின் வளவில் நிற்கும் வடலியும், வெளிக்கு அப்பால் நிற்கும் நெடும்பனையும் ஒரே உயரமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பனையிலாவது அடிமரத்தைப் பார்த்தால் பிடிபடும். பேரடையில் குள்ளனும் உண்டு, இராட்சதனும் உண்டு, பக்கத்தில் நிற்கும் குள்ளனும் தூரத்து இராட்சதனும் படத்தில் ஒரே பஞ்சுத்துண்டு.

நிபுணர்களையே குழப்பிய இடம் ஒன்று இருக்கிறது. 1877இல் மார்சேயில் இருந்து ஸ்டீபன் என்ற வானியலாளர் கண்ட ஐவர் கூட்டம், பெகாசஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம். ஐந்து பேரடைகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தெரியும். அளந்து பார்த்தால் நாலு பேர் ஏறத்தாழ 29 கோடி ஒளியாண்டில், ஐந்தாவது ஆள் என்.ஜி.சி. 7320 வெறும் 4 கோடியில். கலியாண வீட்டுப் படத்தில் ரோட்டால் போன ஆள் விழுந்த கதைதான்.

அளப்பது செம்பெயர்ச்சியால். பேரடையின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால் (பள்ளிக்கூடப் புத்தகத்தில் திருசியம் என்று படித்திருப்பீர்கள்) ஐதரசன் போன்ற மூலகங்களின் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தை விட்டுச் சிவப்புப் பக்கம் தள்ளிப் போயிருக்கும். எத்தனை பங்கு தள்ளியது என்பதே அந்த எண். அதை நீங்கள் அளக்கத் தேவையில்லை, சிம்பாட்டில் பெயருக்குக் கீழேயே இருக்கும். 0.1க்குள் இருந்தால் ஒரு குறுக்கு வழி: எண்ணை 1400 கோடியால் பெருக்குங்கள், ஒளியாண்டில் தூரம் வந்துவிடும். கோமா என்ற பேரடைக் கொத்துக்கு 0.023. பெருக்கினால் 32 கோடி ஒளியாண்டு, சரியான விடை.

அந்தக் குறுக்கு வழி பக்கத்தில் இருக்கும் பேரடைகளுக்குச் சரிவராது. எம் 86ஐப் போட்டுப் பாருங்கள், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நிற்கும்! அது கொத்துக்குள் விழுந்து ஓடுகிற வேகத்தில் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பெருக்கினால் தூரம் பூச்சியத்துக்குக் கீழே போகும்.

நிறத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சின்னச் சின்ன மஞ்சள் செம்மஞ்சள் மங்கல்கள் ஒரே இடத்தில் நெருங்கி, நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால், நீங்கள் பார்ப்பது தூரத்துப் பேரடைக் கொத்தாக இருக்கக்கூடும். ஏபெல் என்பவர் 1958இல் 2,712 கொத்துகளுக்கு அட்டவணை போட்டார், அலடினில் அதையும் மேலே போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: விருச்சிகம், தனுசுப் பக்கம் எத்தனையோ படம் எடுத்தும் பின்னால் ஒரு பேரடைகூடக் கிடைக்கவில்லை. கமராவில் குறையா? — சுன்னாகம் வாசகர்

பதில்: கமரா பாவம். அங்கே நீங்கள் பால்வீதியின் தட்டின் ஊடாகப் பார்க்கிறீர்கள். தூசும் நட்சத்திர நெரிசலும் கிடுகு வேலி மாதிரி மறைத்து நிற்கிறது, அந்தப் பக்கம் பேரடைகள் இல்லாமல் இல்லை. கன்னிப் பக்கம் அந்தத் தட்டுக்கு ஏறத்தாழ நேர் மேலே பார்க்கிற இடம், அங்கே வேலி இல்லை.

கேள்வி: நான் உயர்தர மாணவி. என் படத்தில் எந்த அட்டவணையிலும் இல்லாத பேரடை கிடைத்தால் எங்கள் ஊரின் பெயரை வைக்கலாமா? — கரவெட்டி வாசகி

பதில்: தங்கச்சி, உள்ளதைச் சொல்கிறேன், வைக்க ஏலாது. நம் கமராவுக்குத் தெரிகிற பேரடையை யாரோ ஏற்கனவே எண் போட்டு வைத்திருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரத்துக்கும் பேரடைக்கும் பெயர் வைத்துச் சான்றிதழ் தருகிற இணையத்தளங்களை நம்பிவிடாதீர்கள், அந்தப் பெயரை வானியலாளர் ஒருவரும் பாவிப்பதில்லை.

ஆனால் கண்டுபிடிப்பு முடிந்துபோய்விடவில்லை. 2007இல் தொடங்கிய கலக்சி சூ என்ற திட்டம் பொதுமக்களிடம் பேரடைப் படங்களைக் கொடுத்து வடிவம் பிரிக்கச் சொன்னது. அதே வருசம் ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளிக்கூட ஆசிரியை, ஐ.சி. 2497 என்ற பேரடைக்குப் பக்கத்தில் ஒரு விசித்திர மங்கல் நிற்பதைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. முன்பு அந்தப் பேரடையின் நடுப்பகுதி பிரகாசமாக எரிந்தபோது புறப்பட்ட ஒளி பட்டு ஒளிர்கிற வாயு மேகம் என்று பிறகு விளங்கியது. இன்றைக்கும் அதன் பெயர் “ஹன்னியின் பொருள்”. நீங்கள் கேட்ட மாதிரியே அவரும் ஒரு கேள்விதான் கேட்டார்.

இன்னொரு வழி, ஒரே இடத்தை மாதா மாதம் எடுப்பது. போன மாதம் இல்லாத ஒரு புள்ளி ஒரு பேரடைக்குப் பக்கத்தில் முளைத்தால் அது வெடித்த நட்சத்திரமாக இருக்கலாம். உடனே துள்ளாதீர்கள். கன்னி ராசி சூரியன் போகும் பாதை, சிறுகோள்கள் அதால் அடிக்கடி போகும். ஒரு மணித்தியாலம் விட்டு இன்னொரு படம் எடுத்தால் சிறுகோள் நகர்ந்திருக்கும்.

கேள்வி: சாதாரண கமராவால் ஆகக்கூடிய தூரம் எவ்வளவு பிடிக்கலாம்? — வேலணை வாசகர்

பதில்: 200 கோடி ஒளியாண்டுக்கு மேல். பகிடி இல்லை.

எம் 87இல் இருந்து நேர் தெற்கே பத்துப் பாகை இறங்குங்கள். அங்கே 3சி 273 இருக்கிறது, ஏறத்தாழ 13ஆம் பருமன் (பிரகாசத்தின் அளவு, எண் கூடக் கூட மங்கல்), மூளாய்த் தம்பியின் 200 மி.மீ. வில்லைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் முதல் பதிலில் நான் சொன்ன கரைதல், ஓரம் எல்லாவற்றையும் இங்கே மறந்துவிட வேண்டும். இது சுத்தமான புள்ளி, பக்கத்து நட்சத்திரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லவே முடியாது. இது குவேசார்: ஒரு பேரடையின் நடுவில் இருக்கும் கருந்துளைக்குள் விழுகிற பொருள் எரிகிற வெளிச்சம், அந்தப் பேரடையையே மூடி மறைத்துவிடும்.

வானொலி அலைகளில் பிடிபட்ட இந்தப் பொருள் வானத்தில் எந்தப் புள்ளி என்று முதலில் தெரியாமல்தான் இருந்தது. 1962இல் சந்திரன் அதை மறைத்த நேரத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைகாட்டியால் துல்லியமாகக் குறித்து இடத்தைப் பிடித்தார்கள். அடுத்த வருசம் மார்டன் ஷ்மிட் அதன் நிறமாலையில் இருந்த விளங்காத கோடுகளை வைத்துக்கொண்டு யோசித்து, இது பழைய ஐதரசன்தான், 16 சதவீதம் சிவப்புக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று கண்டார். அதுவரை அந்தப் புள்ளியை எங்கள் பால்வீதி நட்சத்திரம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

சித்திரை மாதம் அமாவாசையை அண்டிய இரவு, பத்துப் பதினொரு மணி போல, சோளகம் எழும்ப முதல் போங்கள். வேலணையில் வயல்வெளிப் பக்கம் தெருவிளக்கு இல்லாத இடம் உங்களுக்கே தெரியும். ஒரு நிமிடப் படங்கள் பத்து எடுத்தாலே காணும். இடத்தை அஸ்ட்ரோமெட்ரியில் போட்டுப் பிடித்து, வட்டம் போட்டு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். வட்டம் மட்டும் சின்னதாகப் போடுங்கள், போன முறை வந்த படம் ஒன்றில் வட்டத்துக்குள்ளேயே ஆறு புள்ளி இருந்தது.